விடை சரி, ஆனால் 5-க்கு 2 மதிப்பெண்தான். ஏன்?

கேள்வி:
"ஒரு செவ்வகத்தின் பரப்பு 60 ச.செ.மீ. நீளம் அகலத்தைவிட 7 செ.மீ. அதிகம். சுற்றளவு காண்க." இது 5 மதிப்பெண் வினா. மாணவி எழுதியது: 12 × 5 = 60, 12 − 5 = 7, எனவே சுற்றளவு 34 செ.மீ. விடை சரிதானே, 2 மதிப்பெண் மட்டும் கொடுத்தது நியாயமா? படிகளை எழுத எப்படிப் பழக்குவது?

பதில் 1:
நியாயம்தான். விடைக்குறிப்பில் 5 மதிப்பெண்ணும் கடைசி வரியில் இருக்காது. இதுபோன்ற கணக்குக்குப் பெரும்பாலும் இப்படிப் பிரிப்பார்கள்: இருபடிச் சமன்பாடு (அகலம் x எனில் x² + 7x − 60 = 0) அமைக்க 2, இரு மூலங்களும், அதாவது x-இன் இரு மதிப்புகளும் (5, −12) காண 1, அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்று −12-ஐ நீக்க 1, சுற்றளவுக்கு 1. அவள் 12-ம் 5-ம் பொருந்துவதைக் காட்டியிருக்கிறாள். வேறு எதுவும் பொருந்தாது என்பதைக் காட்டவில்லை. பரப்பை 50 ஆக்கிக் கொடுத்துப் பாருங்கள். அகலம் ஏறக்குறைய 4.39 வரும். ஊகித்துப் பிடிக்க முடியாது, சமன்பாடு வேண்டும்.

பதில் 2:
மூலம் காண இருபடிச் சூத்திரம் போடுபவர்கள் இதே கணக்கில் விழும் குழி ஒன்று உண்டு. மாறிலி −60. அதைக் குறியோடு எடுக்காமல் 60 என்று போட்டால் தன்மைக்காட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் b² − 4ac) 49 − 240 = −191 ஆகிவிடும். உடனே "மெய் மூலங்கள் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். சரியான கணக்கு 49 + 240 = 289, அதன் வர்க்கமூலம் 17. சின்னக் குறிப்பிழைதான், ஆனால் அதற்குப் பிறகு செய்ய வேலையே இல்லாமல் போவதால் மிச்ச படி மதிப்பெண்களும் போய்விடும். பிரதியிடும்போது ஒவ்வொரு கெழுவையும் (a, b, c-இன் மதிப்பை) குறியோடு அடைப்புக்குள் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. −12-ஐ எழுதாமலே விட்டுவிட்டு 5 மட்டும் எழுதினால்?

பதில் 1:
அந்த 1 போகும். வந்ததை எழுதி, காரணத்தோடு நீக்க வேண்டும். இன்னொன்று, அகலம் 5 கிடைத்ததும் பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வினா கேட்டது சுற்றளவு!

பதில் 3:
தோராயத்தையும் கவனியுங்கள். 60 மீ தொலைவிலிருந்து ஒரு கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 60° என்றால் உயரம் 60√3, அதாவது 103.92 மீ. √3-ஐ முதலிலேயே 1.7 ஆக்கினால் 102 வரும், கிட்டத்தட்ட 2 மீ பிசகு. கடைசி வரி வரை √3 ஆகவே வைத்திருங்கள்.

பழக்குவதற்கு: தீர்த்த கணக்கைப் பார்த்துப் படிப்பதில் பயன் குறைவு. மூடிவிட்டு வெற்றுத் தாளில் மறுபடி போட வேண்டும், கடிகாரத்தோடு. 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 5 மதிப்பெண் கணக்குக்கு 9 நிமிடம் கிடைக்கும். அதில் கடைசி அரை நிமிடம் சரிபார்க்க: செவ்வகக் கணக்கில் மூலங்களின் கூடுதல் −7, பெருக்கற்பலன் −60 வருகிறதா?