பவர் ஹேமர் டைக்கு இரும்பு: மலையகத்தில் நீங்கள் எங்கே எடுத்தீர்கள்?

தலவாக்கலை

அண்ணன்மாரே, லொறி ஸ்பிரிங் பட்டையை வைத்து ஒரு பவர் ஹேமர் (இயந்திரச் சுத்தியல்) கட்டியிருக்கிறேன். அடிக்கிற பாரம் 25 கிலோ. கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி வெட்டும் கத்தி), மண்வெட்டி, அலவாங்கு முனை, இந்த வேலைகள்தான். காய்ச்சிய இரும்பை மேலும் கீழும் நின்று அடிக்கும் கட்டைதான் டை. இப்போது போட்டிருப்பது மைல்ட் ஸ்டீல் (கார்பன் குறைந்த சாதா இரும்பு) டை. முகம் குழிந்து வருகிறது, கத்தி அலகு நேராக நிற்க மாட்டேன் என்கிறது. 4140 என்ற உறுதியான கலப்பு இரும்பைக் கட்டையாக வாங்கலாம் என்று கொழும்பில் விலை கேட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு இறக்குமதி இரும்பு சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகிற சாமான் இல்லை. மலையில் கிடைக்கும் பழசில் யார் எதை எடுத்தீர்கள், எப்படி உழைக்கிறது என்று சொல்லுங்கள்.

ஹட்டன்

தம்பி, ரோடு அகலமாக்கும் இடங்களையும் கல்குவாரிகளையும் முதலில் பாருங்கள். பெக்கோவின் (மண் தோண்டும் இயந்திரம்) கையில் மாட்டிப் பாறை உடைக்கும் பிரேக்கர் உளி இருக்கிறதே, அதுதான் என் டை. அந்த உளிகளைப் பெரும்பாலும் 4140 போன்ற கலப்பு இரும்பில்தான் செய்கிறார்கள். நீங்கள் கொழும்பில் விலை கேட்ட அதே ஜாதி. முனை தேய்ந்து கட்டையாகிவிட்டால், அல்லது பாதியில் முறிந்துவிட்டால், அவர்களுக்கு அது வெறும் பாரம். வேலைத்தளத்துப் பொறுப்பாளரிடம் நேரே கேட்டு, பழைய இரும்பு நிறைக்கு விலை பேசி, துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்தேன். சாரதியிடம் மறைவாக வாங்காதீர்கள். இன்னொருவர் சொத்தை நம்பிப் பட்டறை நடத்த முடியாது.

எடுக்கும்போது முறிந்த முகத்தை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். வளையம் வளையமாகத் தெரிந்தால் வெடிப்பு மெல்ல மெல்ல ஓடி முறிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை வைத்துக்கொள்ள வேண்டும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள உளியில் 70 மில்லிமீற்றர் சதுரம் எடுக்கலாம். 10 சென்றிமீற்றர் நீளத்துண்டு அறுக்கும்போது 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். 25 கிலோ ஹேமருக்கு இது தாராளம்.

இதில் இரும்பின் விலை சின்னச் செலவு. அறுப்பதற்கும் மட்டப்படுத்துவதற்கும் கொடுக்கும் கூலிதான் கையைக் கடிக்கும். உளி ஏற்கெனவே கடினப்படுத்தியது, அப்படியே கொண்டுபோனால் ரம்பப் பட்டி பல் இழக்கும், லேத்காரர் முகம் சுளிப்பார். அதனால் முதலில் உலையில் வைத்துக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் கொஞ்சம் மேலே கொண்டுபோய், உள்வரை சூடு ஏறும்வரை வைத்திருந்து, சாம்பலுக்குள் புதைத்துவிடுங்கள். தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் விறகுச் சாம்பல் வேண்டிய மட்டும் கிடைக்கும். நன்றாகச் சலித்து, ஈரமில்லாமல் காயவைத்து, ஆழமாகக் கொட்டிப் புதைக்க வேண்டும். மறுநாள் எடுக்கும்போதும் சூடு இருந்தால் நல்லது, மெதுவாக ஆறியிருக்கிறது. அப்புறம் எந்த ரம்பமும் இறங்கும். டையை ஹேமரில் மாட்டும் அடிப்பக்கத்து வால்பொருத்தை (டவ்டெயில்), ஷேப்பர் என்ற சீவும் இயந்திரம் வைத்திருக்கும் பழைய லேத் பட்டறையில் வெட்டினேன். மில்லிங்கைவிடக் கூலி குறைவு.

எல்லா வேலையும் முடிந்தபின் மறுபடி சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன். ஒயிலில் போடவில்லை. நம்ம வேலைக்கு அந்தக் கடினமே போதும். அளவுக்கு மிஞ்சிக் கடினமான டை, வெறும் டையில் ஒரு அடி விழுந்தால் மூலை தெறிக்கும். அது ஆள்மேல் படக்கூடிய விஷயம்.

கம்பளை

ஹட்டன் அண்ணன் சொன்னது சரி. நான் பழைய இரும்புக்கடைப் பக்கத்தைச் சொல்கிறேன். மூடிய தேயிலைத் தொழிற்சாலைச் சாமான் எங்கள் பக்கம் நிறைய வரும். ஒரே என்ஜினில் பெல்ட் போட்டு எல்லா இயந்திரத்தையும் ஓட்டிய காலத்து நீள ஷாஃப்ட் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நான் பார்த்தவரை அது மைல்ட் ஸ்டீல்தான். உருளை இயந்திரத்துப் பல்சக்கரம் வார்ப்பிரும்பு, டையாகப் போட்டால் உடையும். கல் நொறுக்கும் இயந்திரத்தின் தாடைத் தகடு மாங்கனீசு இரும்பு, காந்தம் ஒட்டாது, துளையிடும் அலகு அதில் இறங்காது. அதையும் விடுங்கள்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு ஸ்பிரிங் பட்டைத் துண்டும் ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டும் வைத்துக்கொள்வேன். கடை இரும்போடு சேர்த்துக் கிரைண்டரில் மூன்றையும் அடுத்தடுத்துத் தொட்டால் போதும். மைல்ட் ஸ்டீல் பொறி நீளக் கோடாகப் போகும், பூ குறைவு. கார்பன் கூடக்கூட மத்தாப்பு மாதிரி கிளைவிட்டு வெடிக்கும். வார்ப்பிரும்பு மங்கிய சிவப்பில் குட்டையாக அடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு மெல்லிய துண்டை அறுத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு அரம் வைத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் காசு கொடுக்கலாம்.

பண்டாரவளை

நான் போட்டிருப்பது பெக்கோவின் ஹைட்ரோலிக் சிலிண்டர் தண்டு. உளி அளவுக்கு உழைக்காது, ஆனால் நேராக, வெடிப்பில்லாமல் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: மேலே பளபளப்பது குரோம் பூச்சு. அதை லேத்தில் முழுக்கக் கடைந்து எடுக்காமல் உலையில் வைக்கவே கூடாது, அந்தப் புகை நுரையீரலுக்குப் பெரும் கேடு.

தண்டவாளத் துண்டு பற்றி யாராவது சொல்வார்கள். அதன் இரும்பு நல்ல இரும்புதான், கார்பன் 0.7 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கும். ஆனால் தலை ஒடுக்கம், நடுவில் மெல்லிய தகடு, அடி கீழ்வரை சரியாக இறங்காது. எல்லாவற்றுக்கும் மேல், அது ரயில்வே சொத்து. ஏல ரசீது காட்டாமல் விற்பவரிடம் வாங்கினால் பொலிஸ் கேட்கும் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாத்தளை

ஃபோர்க் லிஃப்ட் முள் கிடைத்தால் விடாதீர்கள், களஞ்சியங்களில் தேய்ந்ததைக் கழற்றிப் போடுவார்கள். ஏற்கெனவே தட்டையானது, அறுக்கிற வேலை பாதி மிச்சம். முழு டையையும் நல்ல இரும்பில் செய்ய வேண்டியதில்லை. வால்பொருத்து உள்ள அடிக்கட்டை மைல்ட் ஸ்டீலாகவே இருக்கட்டும், மேலே 40 மில்லிமீற்றர் முள் துண்டைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் தலை பக்கவாட்டுக் காதில் வரவேண்டும், அடி விழும் முகத்தில் வேண்டாம். வெல்டிங் செய்வதானால் இரண்டையும் 250 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, காய்ந்த 7018 வெல்டிங் கம்பியால் ஒட்டி, சாம்பலுக்குள் ஆறவிட வேண்டும். குளிர்ந்த இரும்பில் ஒட்டிய டை, ஒட்டுக்குப் பக்கத்திலேயே பிளந்ததை ஒரு பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

டையின் ஓரங்களைக் கூராக விடாமல் 3 மில்லிமீற்றராவது உருட்டிவிடுங்கள் தம்பி. கூர் ஓரம் கவ்வாத்துக் கத்தியின் கழுத்தில் மடிப்பு விழவைக்கும், கத்தி பிறகு அந்த இடத்தில்தான் முறியும்.