செயின்ட் ஆல்பன்ஸ்: ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘எஸ்’ எதைக் குறிக்கிறது?

பொன்னிக்கரை (கேள்வி):
லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் நகரைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஒரே பத்தியில் ‘செயின்ட் ஆல்பன்’ என்றும் ‘செயின்ட் ஆல்பன்ஸ்’ என்றும் மாறி மாறி வருகின்றன. முன்னது ஆளையும் பின்னது ஊரையும் குறிப்பது சூழலால் விளங்குகிறது. ஆனால், ஊர்ப்பெயரில் உள்ள ‘எஸ்’ பன்மையா, உடைமையா? உடைமை என்றால், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்கு இடும் அப்பாஸ்ட்ரஃபியை (எஸ்ஸுக்கு முன் மேலே இடும் காற்புள்ளி போன்ற குறியை) இங்கே ஏன் இடுவதில்லை? தமிழில் ‘புனித’ என்று தொடங்குவது முறையா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றி உடையவளாவேன்.

ஏட்டுக்கட்டு:
பன்மை அன்று, உடைமைதான். உடைமைக்குப் பின் வரவேண்டிய ‘மடம்’ அல்லது ‘கோயில்’ என்ற சொல் தொக்கு நிற்கிறது. நம் சங்கரன்கோவிலில் ‘கோவில்’ என்பதை விட்டுவிட்டு, ‘சங்கரனுடைய’ என்ற அளவிலேயே ஊர்ப்பெயர் நின்றுவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட பெயர் இது.

அந்த இடத்தில் முதலில் இருந்தது வெருலேமியம் என்ற ரோமானிய நகரம். அங்கு வாழ்ந்த ஆல்பன், அடைக்கலம் தேடி வந்த கிறித்துவக் குரு ஒருவரைத் தம் வீட்டில் மறைத்துவைத்து, தேடி வந்த படைவீரர்களிடம் அவருடைய மேலங்கியை அணிந்துகொண்டு தாமே போய் நின்றார் என்பதும், அதன்பின் வேர் ஆற்றுக்கு அப்பால் உள்ள குன்றில் தலை வெட்டப்பட்டார் என்பதும் மரபுவழிக் கதை. பிரிட்டனின் முதல் மறைசாட்சியாக அவரைப் போற்றுகிறார்கள். 731இல் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற துறவி இந்தக் கதையை விரிவாகவே சொல்கிறார். ஆயினும், ஆங்கிலேயர் அந்த ஊரை வழங்குவதாக அவர் தரும் பெயர்கள் பழைய ரோமானியக் கோட்டை நகரைச் சுட்டும் வேறு பெயர்களே. புனிதரின் கல்லறையைச் சுற்றி மடம் வளர்ந்து, யாத்திரிகர் வருகையால் மடத்து வாசலில் சந்தையும் ஊரும் பெருகிய பிறகுதான் புனிதரின் பெயர் ஊருக்கு நிலைத்தது. நார்மன் காலத்தில், 1077 முதல், எழுப்பப்பட்ட பெருங்கோயிலுக்கே வெருலேமியத்தின் இடிபாடுகளிலிருந்து எடுத்த ரோமானியச் செங்கற்களைப் பயன்படுத்தினார்கள். அதன் கோபுரத்தில் அவற்றை இன்றும் காணலாம். பழைய ஊரின் கல்லோடு சேர்த்து அதன் இடத்தையும் புனிதர் எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தென்றல்முற்றம்:
அப்பாஸ்ட்ரஃபி பற்றி. பழைய ஆங்கிலத்தில் உடைமை வேற்றுமையின் உருபே ‘எஸ்’ ஒலியில் முடிவது. அதற்கு முன் மேலே ஒரு குறியை இடும் வழக்கம் பிற்காலத்தில், அதுவும் அச்சுப் பரவிய பிறகே, உறுதிப்பட்டது. செயின்ட் ஆல்பன்ஸ், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்றவை குறியில்லாமலேயே நிலைத்துவிட்டன. ஆகவே இங்கே இலக்கண விதியைத் தேடுவதைவிட, அந்த ஊர் தன் பெயரை எப்படி எழுதுகிறது என்று பார்ப்பதே பாதுகாப்பு. இதற்குக் கனடாவைவிட நல்ல சான்று கிடையாது. நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸின் பெயரில் ‘செயின்ட்’ என்பதன் சுருக்கமும் உண்டு, அப்பாஸ்ட்ரஃபியும் உண்டு, எஸ்ஸும் உண்டு. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள செயின்ட் ஜானிலோ இவை மூன்றுமே இல்லை, ‘செயின்ட்’ என்பதை முழுமையாக எழுதுவார்கள். இரண்டு ஊர்களையும் பிரித்தறிய உதவுவது இந்த எழுத்துமுறைதான் என்பதால், கனடியர்கள் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள்.

சுருக்கத்துக்குப் பின் பிரிட்டனில் இன்று பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் போன்ற பெயர்களில் வைப்பார்கள். உச்சரிப்பும் வேறுபடும். பிரிட்டானியர் வாயில் முதற்சொல் அழுத்தமிழந்து ‘சன்ட்’ என்று குறுகிவிடும். அமெரிக்கர் ‘செயின்ட்’ என்று முழுமையாக ஒலிப்பார்கள்.

மலைச்சாரல்:
மேலே உள்ளவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் ‘செயின்ட்’ என்று கண்டவுடன் பின்னால் ஒரு புனிதர் இருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தின் பெயரில் அப்படி ஒரு புனிதர் இருந்ததற்குச் சான்றே இல்லை. நார்ஸ் என்ற பழைய ஸ்காண்டிநேவிய மொழியின் சொல் ஒன்று வரைபடங்களில் திரிந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. மெல்பர்னில் உள்ள செயின்ட் கில்டாவோ, அத்தீவின் பெயர் தாங்கிய ஒரு கப்பலின் பெயரால் வந்தது. ஒரே பெயர் இரு புனிதரைக் குறிப்பதும் உண்டு: கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ், அயர்லாந்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஈயா என்ற பெண் துறவியின் ஊர், கேம்பிரிட்ஜ்ஷயரின் செயின்ட் ஐவ்ஸ், ஐவோ என்ற ஆயரின் ஊர். பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்பதில் உள்ள ‘பெரி’யை ‘அடக்கம் செய்தல்’ என்று பொருள் கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்மண்ட் மன்னரின் உடல் அங்கே வைக்கப்பட்டிருந்தது உண்மை என்பதால் அந்தப் பொருளும் பொருந்துவது போலவே தோன்றும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அரண் சூழ்ந்த ஊர் என்பதே பொருள்.

பொன்னிக்கரை:
மிக்க நன்றி. ‘புனித’ பற்றிய ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை என்று எழுதுகிறோமே?

ஏட்டுக்கட்டு:
அது தமிழில் வேரூன்றிவிட்ட வழக்கு. அங்கேயே ‘செயின்ட் ஜார்ஜ் கோட்டை’ என்றும் வழங்குகிறது. புனித தோமையார் மலைக்கும் அப்படியே, கூடவே பரங்கிமலை என்ற பெயரும் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு இத்தகைய வழக்கு உருவாகவில்லை. ஆகவே ஆளுக்குப் ‘புனித ஆல்பன்’ என்றும், ஊருக்குச் ‘செயின்ட் ஆல்பன்ஸ்’ என்றும் எழுதுங்கள். உங்கள் பத்தியில் இருந்த குழப்பமும் அதனால் தீரும். பெயரடைவு தயாரிப்பதாக இருந்தால், ஊரைச் ‘செ’ வரிசையிலும் ஆளை ‘ஆ’ வரிசையிலும் சேர்த்துவிடுங்கள்.