காரைக்குடி மனையில் கான்கிரீட் பிரிண்டிங் வீடு சரிப்படுமா?

செக்காலை சிவில்:
மாமாவுக்கு இங்கே நாலு சென்ட் மனை இருக்கிறது, கொத்தனார் கிடைக்காமல் ஆறு மாதமாக அலைகிறார். பிரிண்டரில் கட்டலாமே என்று நேற்று எழுதினேன், பள்ளத்தூர் அண்ணன் “பொம்மை வேலை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொம்மை இல்லை அண்ணே. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி 2020லேயே 700 சதுர அடியில், மாடியோடு, 106 மணி நேர அச்சில் ஒரு கட்டடம் எழுப்பியது. 2023ல் பெங்களூரில் 1,021 சதுர அடி தபால் அலுவலகமே திறந்தாகிவிட்டது. வரைபடத்தைக் கணினியில் ஏற்றினால் பிரிண்டரின் முனை அதன்படி நகரும், பம்பிலிருந்து வரும் கலவை வரிமேல் வரியாக உட்காரும். சென்ட்ரிங் பலகையே வேண்டாம்.

பள்ளத்தூர் மேஸ்திரி:
தம்பி, செங்கல் சுவருக்கு எந்தக் காலத்தில் பலகை அடித்தோம்? பலகை வேண்டியது தளத்துக்கும் பீமுக்கும். நீங்கள் சொல்லும் காஞ்சிபுரம் கட்டடத்திலேயே தளம் மட்டும் அச்சில் வரவில்லை. அஸ்திவாரம், தளம், வயரிங், குழாய் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அப்புறம் கலவையைப் பாருங்கள், பெரிய ஜல்லி போட்டால் முனை அடைத்துக்கொள்ளும் என்று பொடி மணலும் கூடுதல் சிமெண்டும் போடுகிறார்கள். இதில் மாமாவுக்கு எங்கே மிச்சம்?

செக்காலை சிவில்:
தளம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலவையின் சூட்சுமமே வேறு. பம்புக்குள் ஓட வேண்டும், முனையை விட்டு வந்ததும் நிற்க வேண்டும், மேலே ஏறும் பாரத்தில் கீழ் வரி பிதுங்கக் கூடாது. அதற்குத்தான் ரசாயனச் சேர்மானங்கள்.

கானாடுகாத்தான் வளவு:
நடுவில் நுழைகிறேன். போன வருஷம் எங்கள் செட்டிநாட்டு வளவு வீட்டில் சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்தபோது பக்கத்திலேயே நின்றேன். பூச்சுக்காரர் அடிப்பூச்சில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். ரேகை பதிய வேண்டும், கலவை விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் அடுத்த பூச்சு, பிந்தினால் பிடிக்காது என்றார். பிரிண்டிங்கிலும் இதே கதைதானே? சித்திரை வெயிலில் ஒரு சுற்று முடிந்து முனை திரும்பி வருவதற்குள் கீழ்வரியின் மேல்பரப்பு காய்ந்துவிட்டால் இரண்டும் ஒட்டாது. அந்த வரியோடு தண்ணீர் இறங்கும், உள்ளே கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கிற ஊரில் கம்பித் துருவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

செக்காலை சிவில்:
நியாயமான பயம். அதனால்தான் வெயில் காலத்தில் இரவில் அச்சடிப்பது, குளிர்ந்த நீரில் கலப்பது, பந்தல் போடுவது, அச்சடித்த கையோடு ஈரம் காப்பது எல்லாம். பலகை இல்லாததால் சுவர் திறந்தே நிற்கிறது, ஈரம் காக்காவிட்டால் வெடிப்புதான். கம்பிக்கு வழி இருக்கிறது: வரிகளுக்கு நடுவே வலை, சுவரின் நடுவே விடும் பொந்துக்குள் நெடுக்குக் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்புவது. நெதர்லாந்தில் கெமர்ட் ஊரில் 2017ல் திறந்த 8 மீட்டர் சைக்கிள் பாலத்தைத் துண்டு துண்டாக அச்சடித்து, எஃகு வடங்களால் இழுத்துக் கட்டினார்கள்.

பள்ளத்தூர் மேஸ்திரி:
பாலம், வளைந்த தடுப்புச் சுவர், மேன்ஹோல் என்றால் நானே கை தூக்குகிறேன். வளைவுக்குப் பலகை அடிக்கிற செலவும் பாடும் எனக்குத் தெரியும், அங்கே இந்த மெஷின் ஜெயிக்கும். வீட்டுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பத்து வருஷம் கழித்து மாமா ஒரு கதவு திறக்க நினைத்தால் எந்தப் பொந்தில் கம்பி, எந்தப் பொந்து காலி என்று உடைக்கிறவனுக்கு யார் சொல்வது? கொத்தனார் இல்லை என்கிறீர்கள், என் பையனே சிங்கப்பூரில் இதே வேலைதான் பார்க்கிறான். இங்கே கூலி கட்டுப்படியாகியிருந்தால் போயிருக்க மாட்டான்.

செக்காலை சிவில்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. பொந்துகளின் வரைபடத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

பள்ளத்தூர் மேஸ்திரி:
சரி, அதற்கு முன்னால் ஒன்று. சித்திரை மதியம், அந்த மனையிலேயே, ஒரு மீட்டர் சுவர் அச்சடிக்கட்டும். 28 நாள் கழித்து அதை வெட்டி, வரிக்கு வரி ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துச் சோதிக்கட்டும். நானும் வந்து நிற்கிறேன்.