வெந்நீர் மட்டும் பழுப்பாக வருகிறது: கீசரைக் கழுவினால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வீட்டில் இருப்பது 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர். வாங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக வெந்நீர் மட்டும் செம்மண் கரைத்த மாதிரி வருகிறது. காலையில் முதலில் திறக்கும்போதுதான் அதிகம். அப்புறம் சற்று வெளுக்கும், ஆனால் முழுக்கத் தெளிவதில்லை. வாளியின் அடியில் பொடியாக ஏதோ தங்குகிறது, வெள்ளைத் துண்டுகளிலும் கறை. பச்சைத் தண்ணீர்க் குழாயில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் சூடாவதிலும் பிரச்சினை இல்லை.

பார்க்க வந்த மெக்கானிக் எதையும் கழற்றாமலே "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனாலும் காரணம் தெரியாமல் மாற்ற மனம் வரவில்லை. இந்தத் தண்ணீரில் குளிக்கலாமா?

பதில் 1

குளிக்கலாம். துரு கலந்த நீர் தோலுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. சமைக்கவும் குடிக்கவும் மட்டும் வேண்டாம். கறை பட்ட துணிக்குக் குளோரின் பிளீச் போட்டுவிடாதீர்கள், இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ போட்டு ஊறவைத்து அலசுங்கள்.

கீசரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். நிலத்தடி நீரில் இரும்பு கரைந்த நிலையில் இருந்தால், பிடிக்கும்போது பளிங்காகத்தான் இருக்கும். காற்றும் சூடும் பட்டால் பழுப்பாகிவிடும். ஆகவே பச்சைத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு பிடித்து, மூடிக் குலுக்கி, இரவு முழுவதும் வையுங்கள். கொஞ்சத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்தும் பாருங்கள். நிறம் மாறினால் குற்றம் தண்ணீரில், கீசரில் இல்லை. புதிய கீசர் மாட்டினாலும் இதே கதைதான்.

அடுத்து, கீசரின் அவுட்லெட்டிலேயே (வெந்நீர் வெளியே வரும் வாய்) நேராக ஒரு வாளி பிடியுங்கள். அங்கே தெளிவாக வந்து குழாயில் பழுப்பாக வந்தால் இடையில் இருக்கும் ஜிஐ பைப்தான் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்திருக்கிறது.

பதில் 2

எனக்கும் இதே தொல்லை இருந்தது. கடைசியில் பார்த்தால் கீசருக்கும் சுவருக்கும் நடுவே மாட்டியிருந்த இரும்பு நிப்பிள் (சின்ன இணைப்புக் குழாய்) ஒன்றுதான் உள்ளே அரித்துப்போயிருந்தது. முதல் சில விநாடி மட்டும் பழுப்பு, பிறகு சுத்தமாகத் தெளிந்துவிடும். உங்களுக்குத் தெளியவே இல்லை என்பதால் வேறாக இருக்கலாம். ஆனாலும் அதைப் பார்த்துவிடுங்கள், சின்ன வேலை.

பதில் 3

கீசர் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்டீல் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு எங்கேயும் முழுமையாக இருக்காது, நுண்ணிய விரிசல்கள் இருந்தே தீரும். அந்த இடத்தில் இரும்பு அரிக்காமல் இருக்கத்தான் மெக்னீசியம் ஆனோடு ராடு வைக்கிறார்கள். இரும்பைவிட மெக்னீசியம் சுலபமாகக் கரையும் உலோகம், ஆகவே அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அது கரைகிறது. முழுக்கக் கரைந்தபின் தண்ணீர் தொட்டியைத் தின்ன ஆரம்பிக்கும். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட ராடை மாற்றவில்லை என்றால் உள்ளே கம்பி மட்டும்தான் மிச்சம் இருக்கும். சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) வைத்த வீடுகளில் இன்னும் சீக்கிரம் கரையும்.

திறந்து பார்ப்பதானால் எம்சிபியை (மின்பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் உள்ளே வரும் இன்லெட் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், காற்று உள்ளே போனால்தான் தொட்டி காலியாகும். இன்லெட் பக்கம் இருக்கும் பாதுகாப்பு வால்வின் லீவரைத் தூக்கித் தண்ணீரை இறக்குங்கள். சுவரில் செங்குத்தாக மாட்டும் கீசர்களில் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் இருக்கும் அடித்தட்டிலேயே ராடும் இருக்கும். தட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போடுங்கள், பழையது கசியும். மின்சார இணைப்பைக் கழற்றிப் பழக்கம் இல்லையென்றால் ஆளை வைத்தே செய்யுங்கள்.

கேட்டவர்

பாட்டில் தண்ணீர் காலையிலும் தெளிவாகவே இருந்தது. கொதிக்கவைத்ததும் நிறம் மாறவில்லை. அவுட்லெட்டில் நேராகப் பிடித்தது பழுப்பு. நிப்பிள் பித்தளை, அதில் குறை இல்லை.

வேறொரு மெக்கானிக்கை வைத்துத் திறந்தோம். ராடு இருந்த இடத்தில் மெல்லிய கம்பிதான் தொங்கியது. அடியில் சுண்ணாம்புச் செதில், அதற்குள் துருச்சேறு. எல்லாவற்றையும் கழுவிப் புது ராடு போட்டோம். முதலில் நன்றாகத்தான் வந்தது, இப்போது மறுபடியும் பழுப்பு தட்டுகிறது. ராடு போட்டும் ஏன் இப்படி?

பதில் 3

ராடு இனி வரப்போகும் அரிப்பைத்தான் குறைக்கும். ஏற்கெனவே பூச்சு உரிந்த இடத்தில் பிடித்த துருவை அது எடுக்காது. உரிந்த பரப்பு பெரிதாக இருந்தால் ஒரு ராடு ஈடுகொடுக்கவும் முடியாது. கழுவியபோது போனது அடியில் தங்கியிருந்த சேறு மட்டும். டார்ச் அடித்துத் தொட்டியின் சுவரைப் பார்த்தார்களா? அடிமூடியைத் திறந்து, உள்ளிருக்கும் இன்சுலேஷன் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 4

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழுப்பு இல்லை, வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். இதுவும் அந்த ராடு சமாச்சாரமா?

பதில் 3

பெரும்பாலும் ஆமாம். தண்ணீரில் சல்பேட் இருந்து, அதைத் தின்னும் பாக்டீரியாவும் தொட்டிக்குள் இருந்தால் மெக்னீசியம் ராடு அந்த நாற்றம் தரும் வாயு உண்டாக உதவிசெய்யும். அலுமினியம்-துத்தநாக ராடுக்கு மாறினால் குறையும். தெர்மோஸ்டாட்டை ரொம்பத் தாழ்வாக வைக்காமல் 60 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள், பாக்டீரியாவுக்கு வெதுவெதுப்புத்தான் பிடிக்கும்.

கேட்டவர்

அடிமூடிக்குள் ஈரம் இருக்கிறது. வெளித்தகட்டில் துரு ஒழுகிய கோடும் தெரிகிறது. கேஸ்கெட் பக்கம் காய்ந்தே இருக்கிறது.

பதில் 1

அப்படியானால் தொட்டியில் ஓட்டை விழுந்தாகிவிட்டது. இதைப் பற்றவைத்தோ எம்-சீல் பூசியோ ஓட்டாதீர்கள், அழுத்தத்தில் நிற்கும் தொட்டி அது. கசிவு வயரிங் மேல் படும் இடத்தில் இருப்பதால் இன்றே எம்சிபியை அணைத்து இன்லெட்டை மூடிவிடுங்கள். "சூடாகிறதே, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்ற யோசனை வேண்டாம். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா? இல்லையென்றால் புதிய கீசருக்கு முன் அதைப் போடுங்கள்.

கேட்டவர்

அணைத்துவிட்டேன். ஆர்சிசிபி இருக்கிறது. புதிதாகப் போட்ட ராடைப் புதிய கீசருக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 3

வேண்டாம், நீளமும் மரையும் மாடலுக்கு மாடல் மாறும், புதியதில் ஒன்று உள்ளேயே வரும். உங்கள் தண்ணீர் ராடை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று தெரிய, முதல் தடவை இரண்டு வருடத்துக்குள் திறந்து பாருங்கள். அதைப் பொறுத்து அடுத்ததை முடிவு செய்யலாம். மாட்டிய அன்று வெந்நீர்க் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராக வரும்வரை சுவிட்சைப் போடாதீர்கள், காலித் தொட்டியில் எலிமென்ட் கருகிவிடும்.