மறுமொழி: உறைவிடப் பள்ளியா, உறைபயிலகமா?

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்கும் ஓர் அமைப்பைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று மூன்று நாள்களாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். சொல்லைத் தேடும் ஆர்வத்தில், அந்தச் சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதைப் பலரும் தாண்டிச் சென்றுவிட்டோமோ என்று தோன்றுகிறது. நாம் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டது டெக்சாஸ் மாநிலக் கல்விச் சட்டத் தொகுப்பின் 105.301ஆம் பிரிவு. சட்டம் என்ன சொல்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1987இல் அந்த மாநிலச் சட்டமன்றம் கணிதத்திலும் அறிவியலிலும் மீத்திறன் பெற்ற மாணவர்களுக்காக டென்டன் நகரில் 'டெக்சாஸ் கணித அறிவியல் அகாதெமி' என்ற அமைப்பை உருவாக்கியது. 1988இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து, விடுதியில் தங்கி, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நடத்தும் வகுப்புகளிலேயே இரண்டு ஆண்டுகள் படிக்கிறார்கள். முடிவில் பள்ளி இறுதிச் சான்றும் கைக்கு வருகிறது, பட்டப்படிப்பில் ஏறக்குறைய பாதியும் முடிந்துவிடுகிறது. ஒரே பாடம் இரண்டு கணக்கிலும் ஏறுகிறது.

> 'உறைவிடப் பள்ளி' என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்வி, ஐயா. நானும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கையேட்டில் அப்படித்தான் எழுதினேன். அதைப் படித்த தாய் ஒருவர், "பள்ளி என்கிறீர்கள், அங்கே பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர் யார்?" என்று கேட்டார். அப்படி ஒருவர் அங்கே இல்லை. பதினொன்றாம் வகுப்பு என்று தனியாக ஒரு வகுப்பறையும் இல்லை. அன்று முதல் அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதைவிட வலுவான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பொதுப் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் இந்த அமைப்பைக் கட்டுப்படுத்தா என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மாநிலக் கல்வி முகமையின் பள்ளி விதிகளும் பொருந்தா. ஆளும் பொறுப்பு பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினுடையது. வளாகத்தில் போதிய இடத்தை ஒதுக்கித் தர வேண்டியதும் அந்தக் குழுதான். ஆக, பள்ளி விதிகளுக்கு வெளியே சட்டம் நிறுத்தும் ஒன்றுக்கு நாம் 'பள்ளி' என்று பெயர் வைத்தால், மொழிபெயர்ப்பே சட்டத்தை மறுத்துவிடுகிறது.

ஆனால் சட்டம் அத்தோடு நிற்கவில்லை. அதே இடத்தில் மூன்று விதிவிலக்குகளையும் வைக்கிறது. அங்கே பணிபுரிவோருக்குப் பள்ளிப் பணியாளர்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே படிப்பது கட்டாயக் கல்வி வருகையை நிறைவு செய்வதாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு மாணவருக்கும் மாநிலப் பள்ளி நிதியிலிருந்து, அந்த அமைப்பே ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) என்பதுபோல, பணம் வரும். பள்ளிச் செலவில் உள்ளூர் ஏற்க வேண்டிய பங்கைக் கணக்கிட டென்டன் பள்ளி மாவட்டத்தின் அளவையே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றில் இரண்டாவதுதான் என் மனத்தில் நிற்கிறது. அது இல்லையென்றால், கால்குலஸ் படிக்க ஊரைவிட்டுப் போன பதினாறு வயதுப் பிள்ளை, ஏட்டில் பள்ளிக்கு வராத பிள்ளையாகத்தான் நிற்கும்.

ஆகவே நமக்கு வேண்டியது 'பள்ளி' என்றும் சொல்லாத, 'பல்கலைக்கழகம்' என்றும் முடித்துவிடாத ஒரு சொல்.

> விடுதிக் கல்லூரி என்று வைத்தால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அம்மாவின் பரிந்துரை இது. அவர் ஊரில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்பது பள்ளிக்கூடம். மதுரையில் கல்லூரி என்றால் பட்டப்படிப்பு. இரண்டு வழக்குகளும் சரியானவை, இரண்டும் நம்முடையவை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட அமைப்புக்கு அந்தச் சொல்லைச் சூட்டினால், பாக் நீரிணையின் இரு கரையிலும் இரண்டு வெவ்வேறு பொருள்களில் படிப்பார்கள். சட்டச் சொல்லுக்கு அது ஆகாது.

'அகாதெமி' என்றே விட்டுவிடலாம் என்போருக்கு: அதைக் கேட்டதும் நம் வாசகருக்கு இலக்கிய விருது நினைவுக்கு வரும். 'கழகம்' என்றால் 'பல்கலைக்கழகத்தின் கழகம்' என்று நாக்கு இடறும். அதோடு, ஆங்கிலப் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. இல்லினாயில் அரோரா நகரில் 1986இல் திறந்த அமைப்பின் பெயரிலும் 'அகாதெமி' இருக்கிறது. ஆனால் அதற்குச் சொந்த வளாகமும் சொந்த ஆசிரியர்களும் உண்டு. வட கரோலினாவில் டர்ஹம் நகரின் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் 1980இல் தொடங்கியது 2007இல் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் உறுப்பாகிவிட்டது. ஆயினும் அதன் பெயரிலும் நடைமுறையிலும் அது பள்ளிதான். இவ்விரண்டையும் உறைவிடப் பள்ளி என்று தயங்காமல் எழுதலாம். கென்டக்கியில் 2007இல் தொடங்கிய கேட்டன் அகாதெமி டென்டனின் வகையைச் சேர்ந்தது. நாம் தேடும் சொல் இந்த வகைக்கு மட்டுமே உரியது.

என் பரிந்துரை: உறைபயிலகம். சட்ட வரைவில் முழு வடிவமாக 'பல்கலைக்கழக உறைபயிலகம்'.

'பயிலகம்' நமக்குப் புதிதன்று. பாலிடெக்னிக்கைப் பல்தொழில்நுட்பப் பயிலகம் என்று எழுதியிருக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் சேரும் மாணவரை யாரும் பள்ளியிலிருந்து இடைநின்றவர் என்று சொல்வதில்லை. பட்டதாரிக் கல்லூரி மாணவர் என்றும் சொல்வதில்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஓர் இடம் உண்டு என்பது அந்தச் சொல்லில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தேன்.

> 'உறை' என்றால் கடித உறை, தலையணை உறை. அல்லது பனி உறைவது. குழப்பம் வராதா?

ஒற்று மிகாமல் எழுதினால் வராது. 'உறைப்பயிலகம்' என்று எழுதினால் பெயர்ச்சொல்லான உறை வந்து நிற்கும். 'உறைபயிலகம்' வினைத்தொகை, ஆடுகளம் போல. களம் ஆடுவதில்லை, களத்தில் ஆடுகிறார்கள். இங்கே பயிலகத்தில் உறைகிறார்கள். தட்டச்சு செய்பவர்கள் பழக்கத்தில் 'ப்' சேர்த்துவிடக்கூடும் என்பதால் சொற்பட்டியலில் இதைக் குறிப்பாகவே எழுதிவிட வேண்டும். பனிக்கட்டி பற்றிய அச்சம் எனக்கில்லை. உண்டு உறைவிடப் பள்ளி என்ற பலகையைப் பார்த்துக் குளிரை நினைப்பவர் எவருமில்லை.

சொற்பட்டியலுக்கு நான் எழுதிய விளக்கம்: "உறைபயிலகம்: பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டுகளில் உள்ள மீத்திறன் மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கி, பல்கலைக்கழகப் பாடங்களையே பயின்று, பள்ளி இறுதிச் சான்றையும் உயர்கல்வித் தேர்ச்சியையும் ஒருங்கே பெறும் அமைப்பு, பல்கலைக்கழகத்தின் ஆளுகைக்கு உட்பட்டது."

இரண்டு கணக்கிலும் ஏறும் பாடத்துக்குச் சொல் இன்னும் அமையவில்லை. ஆங்கிலத்தின் 'டூயல் கிரெடிட்' என்பதற்கு வந்த 'இரட்டைக் கடன்' என்ற பரிந்துரையை மட்டும் கைவிடுமாறு வேண்டுகிறேன். படித்து ஈட்டியதைக் கடன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'இருகணக்குத் தேர்ச்சி' என்று ஒன்று தோன்றியிருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

உறைபயிலகத்தை ஞாயிற்றுக்கிழமை சொற்பட்டியலில் ஏற்ற எண்ணியிருக்கிறேன். மறுப்போ திருத்தமோ இருந்தால் அதற்குள் எழுதுங்கள், குறிப்பாக ஈழத்து நண்பர்கள்.

அன்புடன்