டெஸ் விண்கலத் தரவில் ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் 1.4 நாளுக்கு ஒரு பள்ளம், ஆனால் ஒன்று விட்டு ஒன்று ஆழம் மாறுகிறது. இது கோளா?

மொட்டைமாடி_வானம் எழுதியது:

வணக்கம். வங்கியில் வேலை பார்க்கிறேன். படித்தது இயற்பியல், அதோடு தொடர்பு விட்டுப் பல வருடம் ஆகிறது. மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி இருக்கிறது, ஆனால் மேகம் விலகுகிற வழியைக் காணோம். சரி, விண்வெளியில் மேகம் இல்லையே, நாசாவின் டெஸ் விண்கலம் எடுத்த தரவு யாருக்கும் இலவசம்தானே என்று மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்திலிருந்து இறக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். பைத்தானில் லைட்கர்வ் என்று ஒரு தொகுப்பு. நட்சத்திரத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும், அதுவே தேடி எடுத்து, நேரம் போகப் போக ஒளி எப்படி மாறியது என்று வரைந்தும் காட்டிவிடுகிறது.

முதலில் தெரிந்த ஒன்றைப் பார்ப்போம் என்று வாஸ்ப்-18 என்ற நட்சத்திரம். ஒரு நாளுக்குள் தன் நட்சத்திரத்தைச் சுற்றி முடித்துவிடும் பெரிய கோள் அங்கே இருக்கிறது. அது நட்சத்திரத்தின் முன்னால் வரும்போதெல்லாம் ஒளி கிட்டத்தட்ட 1 சதவீதம் குறைகிறது, ஏறுகிறது, மறுபடி குறைகிறது. சீப்புப் பல் மாதிரி வரிசை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் நம்புங்கள்.

அந்த ஆசையில் அக்கம்பக்கத்து நட்சத்திரங்களைக் கிளற ஆரம்பித்தேன். ஒன்றில் 1.4 நாளுக்கு ஒருமுறை பள்ளம் விழுகிறது. எண்ணை இங்கே போடவில்லை, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒருவேளை புதிய கோளாக இருந்தால்? குழப்பம் என்னவென்றால், ஒரு பள்ளம் 4 சதவீதம், அடுத்தது 2.5, மறுபடி 4. அடிப்பகுதி வாஸ்ப்-18 போலத் தட்டையாக இல்லாமல் கூராக இருக்கிறது. அப்புறம் வரைபடத்தின் நடுவில் சுமார் ஒரு நாளுக்குத் தரவே இல்லை. விண்கலம் தூங்கிவிட்டதா?

நெல்லை_நிலா எழுதியது:

விடை தெரியாது அண்ணா, ஆனால் விடாதீர்கள். 2019-ல் விக்ரம் லேண்டர் விழுந்த இடத்தை நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படங்களை அலசி, உடைந்த துண்டைக் கண்டுபிடித்தது சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன்தானே. அவரிடமும் இருந்தது ஒரு மடிக்கணினியும் பொதுவில் கிடைத்த படமும்தான். அந்த டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது.

இரட்டைமீன்_லதா எழுதியது:

சார், இடைவெளியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். டெஸ் பூமியை ஒருமுறை சுற்ற 13.7 நாள் ஆகும். நமக்குக் கிட்டே வரும்போது (கிட்டே என்றால் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல்!) ஆண்டெனாவை நம் பக்கம் திருப்பி, சேர்த்து வைத்ததையெல்லாம் அனுப்பும். அப்போது படம் எடுக்காது. வானத்தின் ஒரு பட்டையை இரண்டு சுற்று, ஏறத்தாழ 27 நாள் பார்ப்பதால் நடுவில் அந்த ஓட்டை. ஓட்டையின் இரு கரைகளிலும் பூமி, நிலா வெளிச்சம் கேமராவுக்குள் சிதறிக் கோடு வளைந்து நெளியும். அங்கே எது தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் நட்சத்திரம். அது கோள் இல்லை சார். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரம். நான் முனைவர் பட்டம் வாங்கியதே இந்த வகையில்தான், அதனால் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்கிறேன்.

குறுக்கே போகும் பொருள் நட்சத்திரத்தின் முகத்தில் எத்தனை பங்கை மூடுகிறதோ அத்தனை பங்கு ஒளி குறையும். வியாழனின் விட்டம் சூரியனுடையதில் பத்தில் ஒன்று, ஆகவே மூடும் பரப்பு நூறில் ஒன்று: 1 சதவீதம். பூமியின் விட்டம் 109-ல் ஒன்று, பள்ளம் வெறும் 0.008 சதவீதம். 4 சதவீதம் வர வேண்டுமானால் சூரியன் அளவு நட்சத்திரத்தின் முன் வியாழனைப் போல் இரு மடங்கு விட்டமுள்ளது போக வேண்டும். அவ்வளவு ஊதிய கோள் அபூர்வம். நட்சத்திரம் சிறிய சிவப்புக் குள்ளன் என்றால் கணக்கு மாறும், அதனால் டெஸ் பட்டியலில் அதன் ஆரம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் ஆழத்தை விட முக்கியம், ஆழம் மாறி மாறி வருவது. ஒரே கோள் ஒரே நட்சத்திரத்தை மறைத்தால் எல்லாப் பள்ளமும் ஒரே ஆழம்தான் இருக்கும். உங்களுடையதில் சூடான நட்சத்திரம் மறையும்போது 4 சதவீதம். பாதிச் சுற்று கழித்துக் குளிர்ந்தது மறையும்போது 2.5. ஆக, உண்மையான சுற்றுக்காலம் 2.8 நாள். பள்ளம் தேடும் நிரல் 1.4 என்றுதான் சொல்லும், அதற்கு எல்லாப் பள்ளமும் ஒன்றுதான். காலத்தை இரண்டால் பெருக்கி மடித்துப் போட்டுப் பாருங்கள் (கோட்டை 2.8 நாள் துண்டுகளாக வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பதுதான் மடிப்பது), இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கூரான அடிப்பகுதியும் இதே கதைதான். சின்னக் கோள் பெரிய முகத்தின் மேல் முழுசாக ஏறி ஊர்ந்து போகும், அதனால் அடி தட்டை. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று மற்றதன் ஓரத்தை உரசிவிட்டுப் போனால் அடி கூராகத்தான் இருக்கும்.

மார்கழி ராத்திரியில் மேகம் விட்டால் பெர்சியஸ் மண்டலத்தில் அல்கோல் என்ற நட்சத்திரத்தைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கே 2.87 நாளுக்கு ஒருமுறை மங்கும், சில மணி நேரத்தில் தேறிவிடும். உங்கள் ஆளுக்குக் கிட்டத்தட்ட அதே காலம். ஏதோ ஒன்று முன்னால் வந்து மறைக்கிறது என்ற விளக்கத்தை 1783-ல் முன்வைத்தவர் ஜான் குட்ரிக். இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த, காது கேளாத, 18 வயதுப் பையன்.

கோவைக்காரன்_77 எழுதியது:

லதா மேடம் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை). முன்பு கோள் தேடிய கெப்ளர் விண்கலத்துக்கு 4தான். டெஸ் கிட்டத்தட்ட வானம் முழுவதையும் பார்க்க வேண்டியது, அதனால் 10.5 சென்டிமீட்டர் லென்ஸ், அகலப் பார்வை, கொழுத்த பிக்சல். ஒரே பிக்சலில் நாலைந்து நட்சத்திரம் குடியிருக்கும். மங்குவது நீங்கள் பார்க்கும் நட்சத்திரம்தானா, பக்கத்து வீட்டுக்காரனா என்று ஒளி அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிக்சல் கோப்பையும் இறக்கி, பள்ளத்தின்போது ஒளியின் மையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஐரோப்பாவின் கையா விண்கலம் தந்த நட்சத்திரப் பட்டியலில் அந்த இடத்தைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்றும் தேடுங்கள். பக்கத்து ஜோடியின் ஒளி கலந்து வந்திருந்தால் அதன் உண்மையான பள்ளம் 40 சதவீதமாகக்கூட இருக்கலாம்.

மொட்டைமாடி_வானம் எழுதியது:

மேடம், காலத்தை இரட்டிப்பாக்கி மடித்தேன். நீங்கள் சொன்னபடியே இரண்டு பள்ளமும் அழகாகப் பிரிந்துவிட்டன. ஒளியின் மையமும் நகரவில்லை, ஆகப் பக்கத்து வீட்டுக்காரன் வேலை இல்லை. ஆரம் சூரியனை விடக் கொஞ்சம் பெரிது. கோள் கனவு போயிற்று. மனைவியிடம் வேறு பெருமையாகச் சொல்லிவிட்டேன், அவளுக்கு இதை எப்படிச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை. இந்த இரட்டையால் யாருக்காவது பயன் உண்டா, இல்லை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகலாமா?

இரட்டைமீன்_லதா எழுதியது:

மூடுவதாவது! நட்சத்திரத்தின் எடையையும் அளவையும் நேரடியாக அளக்க நமக்கு இருக்கும் ஒழுங்கான வழியே இந்த மறைப்பு இரட்டைகள்தான். மற்ற நட்சத்திரங்களின் எடையைச் சொல்லும் கணக்குகளையும் இவற்றை வைத்துத்தான் சரிபார்க்கிறோம். டெஸ்ஸின் முதல் இரண்டு ஆண்டுத் தரவில் மட்டும் 4,584 இரட்டைகளைப் பட்டியலிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். உங்களுடையது அதில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமெரிக்க நோக்கர் சங்கம் நடத்தும், ஒளி மாறும் நட்சத்திரங்களின் பட்டியலிலும் தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் நீங்களே அங்கே பதிவு செய்து அனுப்பலாம், அவர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள். கோளாக இல்லாவிட்டாலும் புதிது புதிதுதானே.

இன்னொன்று, வீட்டில் சொல்ல இது உதவலாம். 2019-ல் நாசாவின் காடர்ட் மையத்துக்குக் கோடைப் பயிற்சிக்குப் போன உல்ஃப் குக்கியர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவர், தன்னார்வலர்கள் இரட்டை என்று குறித்து வைத்திருந்த டெஸ் தரவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டி.ஓ.ஐ. 1338 என்ற ஜோடியில் மறைப்போடு ஒட்டாத வேறொரு பள்ளம் தெரிந்தது. இரண்டு நட்சத்திரங்களையும் சேர்த்துச் சுற்றும் கோள், பூமியைப் போல் ஏழு மடங்கு அளவு. டெஸ் கண்ட இந்த வகைக் கோள்களில் அதுதான் முதல். நிரலுக்கு இது சிக்காது. இரண்டு நட்சத்திரமும் நகர்ந்துகொண்டே இருப்பதால் கோளின் பள்ளம் சீரான இடைவெளியில் வராது. கண்தான் பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு மறைப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொறுமையாகப் பாருங்கள்.

மொட்டைமாடி_வானம் எழுதியது:

ஏ.ஏ.வி.எஸ்.ஓ. பட்டியலில் இருக்கிறது மேடம். 2.8 நாள், அல்கோல் வகை என்றே போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, மிச்சத்தைப் பார்க்கத்தான் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: இதே நட்சத்திரத்தை டெஸ் வேறு வருடங்களிலும் பார்த்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒட்டி ஒரே கோடாக்கிவிடலாமா?

கோவைக்காரன்_77 எழுதியது:

ஒட்டலாம், ஆனால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அதன் சராசரியால் வகுத்துவிட்டு ஒட்டுங்கள். கேமரா பார்க்கும் பரப்பு முழுவதையும் காட்டும் முழுச் சட்டகப் படங்கள் முதல் இரண்டு வருடம் 30 நிமிடத்துக்கு ஒன்று, 2020 ஜூலையிலிருந்து 10 நிமிடம், 2022 செப்டம்பரிலிருந்து 200 விநாடி. பழைய துண்டில் கூரான அடி கொஞ்சம் மழுங்கித் தெரியும், அதைப் புதிய பள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியோடும் வரும் தரவுத்தரக் குறியீடு பூஜ்யம் இல்லாத (அதாவது ஏதோ கோளாறு என்று குறிக்கப்பட்ட) புள்ளிகளையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள்.