கர்னல் மாத்துனதும் டச் செத்துப்போச்சு (கூடிக்ஸ் ஜிடி911)

களக்காட்டுத்தார்:
அண்ணாச்சிமாரே, இங்க ஒரு வாழைத்தார் மண்டிக்கு பில் போட ஏஆர்எம் போர்டும் 7 இஞ்ச் டச் ஸ்கிரீனும் (தொடுறதைப் படிக்குத சிப்பு கூடிக்ஸ் ஜிடி911) மாட்டிக் குடுத்தேன். போர்டோட வந்த 4.19 லினக்ஸ் கர்னல்ல நல்லா ஓடுச்சு. 6.6 ஏத்தினதும் படம் வருது, டச் இல்ல. லாக்ல "ஐ2சி கம்யூனிகேஷன் ஃபெயிலியர்: -6" (ஐ2சிங்கிறது போர்டும் சிப்பும் பேசிக்கிற ரெண்டு கம்பி பஸ்). டிவைஸ் ட்ரீல (போர்டுல எந்தச் சிப்பு எங்க இருக்குன்னு கர்னலுக்குச் சொல்லுத ஃபைல்) டச் சிப்போட முகவரி ஹெக்ஸ் 5டி. டிரைவரே மேட்ச் ஆகலையோ? மண்டிக்காரர் போன் மேல போன் போடுதாரு.

பாளை சால்டரிங்:
மேட்ச் ஆகாம அந்த வரியே வராதுவே. யூஎஸ்பி மாதிரி "நான் இன்னார்"னு சொல்லுத வழி ஐ2சில கெடையாது. டிவைஸ் ட்ரீல இருக்க கம்பேட்டிபிள் வரியை (சிப்பு பேரு), டிரைவர் வச்சிருக்க பட்டியலோட கர்னல் ஒப்பிடும். ஒத்துச்சுன்னா டிரைவரோட ப்ரோப் ஃபங்ஷனை (சிப்பைத் தொடங்கி வைக்குத பகுதி) கூப்பிடும். லேப்டாப்ல இதுக்குப் பதிலா பயோஸ் குடுக்குத ஏசிபிஐ அட்டவணையும், அதுல ஹெச்ஐடிங்கிற சாதன அடையாளமும். உமக்கு ப்ரோப் ஓடிருக்கு, சிப்புதான் பதில் சொல்லல. பஸ்ஸை ஸ்கேன் பண்ணிப் பாரும், ஹெக்ஸ் 14ல நிக்கும்.

களக்காட்டுத்தார்:
ஆமா அண்ணாச்சி, 14லதான் கெடக்கு! எப்படிச் சொன்னீங்க?

பாளை சால்டரிங்:
இந்தச் சிப்புக்கு ரெண்டு முகவரி. ரீசெட்டை விடும்போது இன்டரப்ட் கால் (தொட்டதும் போர்டுக்குத் தகவல் சொல்லுத பின்) லோவா (மின்னழுத்தம் இல்லாம) இருந்தா 5டி, ஹையா இருந்தா 14. பழைய கர்னல்ல போர்டுக்காரங்க ஜிபிஐஓ (போர்டோட கட்டுப்பாட்டுக் கால்) நம்பரை டிரைவருக்குள்ளயே எழுதி ரீசெட் போட்டிருப்பாங்க. மெயின்லைன் (பொதுவான அசல் கர்னல்) டிரைவருக்கு உம்ம போர்டைப் பத்தி என்ன தெரியும்? ரீசெட்-ஜிபிஐஓஸ், ஐஆர்க்யூ-ஜிபிஐஓஸ் ரெண்டு வரியும் டிவைஸ் ட்ரீல டச் சிப்போட நோடுல (அதுக்குரிய பகுதி) இருந்தாத்தான் ரீசெட் போடும். ஒண்ணு மட்டும் இருந்தா போடாது. முகவரியை 14னு மாத்தியும் ஓட்டலாம்தான், ஆனா சவம் என்னைக்காவது தொங்கிச்சுன்னா கரண்டை நிறுத்தித்தான் எழுப்பணும்.

களக்காட்டுத்தார்:
ரெண்டும் சேத்தாச்சு. இப்ப 14லயும் இல்ல, 5டிலயும் இல்ல. சர்க்யூட் படத்துல ஆர்எஸ்டி (ரீசெட் கால்) மேல கோடு இருக்கு, அதனால ஆக்டிவ் லோன்னு (லோவா இருந்தா ரீசெட்) குடுத்தேன்.

தென்காசிச் சாரல்:
முறைப்படி நீங்க குடுத்தது சரிதான். ஆனா இந்த டிரைவர் ரீசெட்டைப் பிடிக்க 0, விட 1னு எழுதுது. ஆக்டிவ் லோன்னு சொன்னா கர்னல் அதைத் தலைகீழாக்கிரும்; விட வேண்டிய நேரத்துல கால் லோவாகிரும், சிப்பு எந்திரிக்காது. ஆக்டிவ் ஹைன்னு போடுங்க. பைன்போன் (லினக்ஸ் ஓடுத போன்) டிவைஸ் ட்ரீயைத் தொறந்து பாருங்க, அதுலயும் அப்படித்தான்.

களக்காட்டுத்தார்:
வந்துட்டு! 5டில பிடிச்சிருச்சு. ஆனா மேல தொட்டா கீழ உள்ள பட்டன் அமுங்குது.

பாளை சால்டரிங்:
டச்ஸ்கிரீன்-இன்வர்ட்டட்-ஒய்னு ஒரு வரி சேரும். மதிப்பு ஒண்ணும் குடுக்காண்டாம், வரி இருந்தாப் போதும்.